ஹெல்சிங்கியில் நம்ம பாட்டு!

ராத்திரி பதினொன்றே காலுக்குத் திருச்சியிலிருந்து போன். சித்தி பையன்.

"அண்ணே, முழிச்சிருக்கீங்களா? என் பாட்டு ஹெல்சிங்கியில பிச்சுக்கிட்டு ஓடுது!"

"எங்கே?"

"பின்லாந்துண்ணே! பதினெட்டாயிரம் தடவை கேட்டிருக்காங்க. ஸ்ரீரங்கத்துல வெறும் நாப்பத்தொண்ணு."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸை விட்டவனைப் பற்றி ஒரு பாட்டு. அதைப் பின்லாந்துக்காரன் கதவைச் சாத்திக்கொண்டு பதினெட்டாயிரம் தடவை கேட்கிறான் என்றால், ஒன்று அங்கே பஸ் வசதி ரொம்ப மோசமாக இருக்க வேண்டும். அல்லது...

அந்த 'அல்லது'வை அப்போதே சொல்லியிருக்கலாம். ராத்திரி வேளையில் ஒருவனின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். இது நடந்தது 2024 செப்டம்பரில்.

பையன் சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, பாடுகிறவன். சினிமா கிடையாது, கம்பெனி கிடையாது. சுயேச்சை! தேர்தலில் நிற்கிற சுயேச்சைக்காவது பூசணிக்காயோ, கிரிக்கெட் மட்டையோ ஒரு சின்னம் கொடுப்பார்கள். இவனுக்கு அதுவும் இல்லை. டெபாசிட் மட்டும் கட்டியிருந்தான். சித்தியின் இரட்டை வடச் செயின். அந்த பிப்ரவரியில் பாங்க்கில் அடகு வைத்து 1,40,000 ரூபாய் வாங்கி, ஐந்து பாட்டு பதிவு செய்திருந்தான். தவணை ஒரு வருஷம்.

மூன்றே வாரத்தில் அடுத்த போன். இந்தத் தடவை குரலில் சுருதி இறங்கியிருந்தது. பாட்டுகளை எல்லா இசைச் செயலிகளுக்கும் அனுப்பி வைக்கிற வினியோக நிறுவனத்திடமிருந்து கடிதமாம். 'உங்கள் பாடல்களுக்குச் செயற்கைக் கேட்புகள் வந்துள்ளன. இரண்டு பாடல்களை நீக்குகிறோம்.'

விஷயம் இதுதான். 'புரமோஷன்' செய்து தருகிறேன் என்று எவனோ பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறான். (ரூபாய்க்கு ஒரு கேட்பு. நாணயமான ஆள்தான்!) அவன் ஏவிவிட்டது மனுஷக் காதுகளை அல்ல, கம்ப்யூட்டர்களை. இப்படி அப்பட்டமான கள்ள ஓட்டு கண்டுபிடிக்கப்பட்டால், பாட்டைக் கொண்டுவந்த நிறுவனத்துக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று அபராதம் போடும் முறையை ஸ்பாட்டிஃபை 2024-ல் கொண்டுவந்தது. அபராதம் கட்ட எந்த நிறுவனத்துக்கு ஆசை? பாட்டைத் தூக்கிவிடுகிறார்கள்.

வயலின், கிடார் எதுவும் எனக்கு வராது. வருவது பேரேடு. பி.காம். படித்ததற்கு உருப்படியாக ஒரு காரியம் செய்வோம் என்று திருச்சிக்கு பஸ் ஏறினேன்.

ஸ்டூடியோ, வாத்தியக்காரர்கள் 72,000. ஒலிக்கலவை 25,000. ஒரு வீடியோ 25,000. ஹெல்சிங்கி 18,000. செலவுப் பக்கம் கன கச்சிதமாக நிரம்பியது. வரவுப் பக்கம்? ஆறு மாதத்தில் நிஜ மனிதர்கள் 11,400 தடவை கேட்டதற்கு வந்தது 612 ரூபாய். ஒரு கேட்புக்கு ஐந்தரைப் பைசாகூட இல்லை.

"ஏமாத்தறாங்களாண்ணே?"

இல்லை. கணக்கே அப்படி. சந்தா, விளம்பரம் என்று வருகிற மாத வசூலை ஒரே அண்டாவில் கொட்டி, கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை மொத்தக் கேட்புகளில் யாருக்கு எத்தனை சதவீதமோ அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். உங்கள் ரசிகர் மாதம் முழுக்க உங்கள் பாட்டை மட்டுமே கேட்டாலும் அவருடைய சந்தா முழுசாக உங்களுக்கு வராது. அண்டாவுக்குள் போய், பெரும்பகுதி சினிமாப் பாட்டுக்குத்தான் போய்ச் சேரும். போதாததற்கு, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் கேட்பு தாண்டாத பாட்டுக்கு ஒலிப்பதிவுப் பணமே கிடையாது என்பது ஸ்பாட்டிஃபையின் 2024 விதி.

பேரேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டி, "உன் பாட்டு பிடிச்சிருக்குன்னு சொன்னவங்க பேரும் போன் நம்பரும் சொல்லு, எழுதிக்கிறேன்" என்றேன்.

யோசித்தான். ஏழு பேர் சொன்னான். அதில் நான்கு பேர் சொந்தக்காரர்கள். நான் உட்பட!

அங்கேதான் எனக்கு கிரேட்ஃபுல் டெட் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து இசைக்குழு. தலைமுடியைப் பார்த்தால் வரவு செலவுக்கும் இவர்களுக்கும் ஸ்நானப்ராப்தி இருக்காது என்று தோன்றும். ஆனால் 1971-ல் வந்த இசைத்தட்டு ஒன்றின் உட்புறத்தில் ஒரு சின்ன அறிவிப்பு போட்டார்கள். நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், பெயரும் விலாசமும் எழுதி அனுப்புங்கள், சேதி சொல்கிறோம் என்று. கடுதாசிகள் குவிந்தன. அந்த விலாசங்களுக்குச் செய்தி மடல் போயிற்று. 1983-ல் இடைத்தரகர்களை ஓரங்கட்டிவிட்டு, தங்கள் கச்சேரி டிக்கெட்டைத் தாங்களே தபாலில் விற்க ஆரம்பித்தார்கள். 1984-ல் இன்னும் வேடிக்கை: கச்சேரியை டேப்பில் பதிவு செய்துகொள்ள வருகிறவர்களுக்கென்று தனியாக இடமே ஒதுக்கினார்கள். 'காசுக்கு விற்காதே, நண்பர்களுக்குள் மாற்றிக்கொள்' என்பதுதான் நிபந்தனை. பாட்டு இலவசமாக ஊர் சுற்றியது. கேட்டவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு நேரில் வந்தான்.

"அதெல்லாம் அந்தக் காலம்ணே" என்றான் பையன்.

சரி, இந்தக் காலத்துக்கே வருவோம். அமண்டா பால்மர் என்று ஒரு பாடகி. பாஸ்டன் பக்கம் தெருவோரத்தில், முகத்தில் வெள்ளை பூசி, மணப்பெண் வேஷத்தில் சிலை மாதிரி நின்று, காசு போட்டவர்களுக்குப் பூ கொடுத்துக்கொண்டிருந்தவர். பிறகு குழு, கம்பெனி, இசைத்தட்டு. சுமார் 25,000 பிரதி விற்றது. கம்பெனி கணக்கில் அது தோல்வி. அவர் வெளியே வந்துவிட்டார். 2012-ல் அடுத்த ஆல்பத்துக்கு ரசிகர்களிடமே நேராகக் கேட்டார், ஒரு லட்சம் டாலர் வேண்டும் என்று. வந்தது 11,92,793 டாலர். கொடுத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 24,883!

ஸார், கவனியுங்கள். அதே இருபத்தைந்தாயிரம் பேர்தான். கம்பெனி கணக்கில் தோல்வி. நேராகக் கேட்டபோது தலைக்கு 48 டாலர்! வருஷக்கணக்காகக் கச்சேரி முடிந்ததும் நின்று ரசிகர்களோடு பேசி, ஈமெயில் விலாசம் சேர்த்திருந்தார் அம்மணி. (அதே வருஷம் சுற்றுப்பயணத்தில் உள்ளூர் வாத்தியக்காரர்களைச் சம்பளமில்லாமல் வாசிக்க அழைத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, பிறகு சம்பளம் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

"அப்ப ரீல்ஸ் போட வேணாங்கறீங்களா?"

தாராளமாகப் போடு. அது தண்டோரா. ஆனால் தண்டோராவே சந்தை ஆகிவிடாது. 2020 ஜூன் 29-ம் தேதி டிக்டாக்கை இந்தியாவில் தடை செய்தபோது என்ன ஆயிற்று? லட்சக்கணக்கில் ரசிகர்கள் வைத்திருந்தவர்கள் மறுநாள் கடையைத் திறக்க வந்தால், கடை இருந்த தெருவையே காணோம்! ஒரு ரசிகரின் போன் நம்பர்கூட அவர்கள் கையில் இல்லை. நம்ம ஊர் செண்டை மேளக்காரர்கள் எவ்வளவோ தேவலை. மேளத்திலேயே குழுவின் பெயரும் செல் நம்பரும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுதுகிறவரும் மெட்டமைக்கிறவரும் ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராவது, வெளிநாட்டில் விற்க பேண்ட்கேம்ப்பில் கடை போடுவது, இதெல்லாம் ஒரு மத்தியான வேலை. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் வாங்கியவரின் ஈமெயிலைப் பாடியவரிடம் கொடுக்கிறது. எனக்கு அது பிடித்தது.

டிசம்பரில் ஸ்ரீரங்கத்தில் நண்பன் வீட்டு மொட்டை மாடி. ஞாயிறு சாயங்காலம். டிக்கெட் கிடையாது. வாசலில் ஒரு க்யூ.ஆர். அட்டை, பக்கத்தில் எவர்சில்வர் டப்பா, ஒரு நாற்பது பக்க நோட்டு. நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். பையன் பாடினான். நடுவில் ஒருத்தர், "தம்பி, ஒரு ரஜினி பாட்டு எடுத்து விடுங்க" என்றார். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான்.

வசூல் 9,850. நாற்காலி, ஸ்பீக்கர், தபலாக்காரர், டீ, சுண்டல் எல்லாம் போக 4,600. செயலியில் இதைச் சம்பாதிக்க எண்பத்தைந்தாயிரம் தடவைக்கு மேல் ஓடியிருக்க வேண்டும். நோட்டில் முப்பத்தொரு நம்பர்.

அதில் ஒரு சூட்சுமம் எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. வாட்ஸப் பிராட்காஸ்ட்டில் அனுப்பினால், நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போகும். முப்பத்தொரு பேரில் சேமித்திருந்தவர்கள் பதினோரு பேர். இதைக் கேட்டதும் சித்தி வேறொன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

2025 பிப்ரவரி வந்தது. செயினை மீட்க முடியவில்லை. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்தோம். பாங்க்கிலிருந்து வெளியே வந்து, "வேலைக்குப் போயிடட்டுமாண்ணே?" என்று கேட்டான். கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். என்ன பதில் சொல்வதென்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. மார்ச்சிலிருந்து பகல் வேலைக்குப் போகிறான், ஒரு டைல்ஸ் கடையில் கணக்கெழுத. (வரவு செலவு கற்றுக் கொடுத்த பாவம் என்னையே சேரும்!) ஞாயிற்றுக்கிழமை பாட்டு.

மொட்டை மாடிக்கு வந்தவர்களில் ஒருவர் தில்லைநகரில் புதுமனைப் புகுவிழாவுக்குக் கூப்பிட்டார். அங்கே கேட்டவர் கரூரில் தன் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு. அந்த வருஷம் மொத்தம் பத்து இடம். செலவு போக 61,000. நோட்டில் 412 பேர்.

கரூருக்கு நானும் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைகிற நேரம். வேட்டிக்காரர் ஒருவர் பையனிடம் வந்து, "அந்த பஸ்ஸை விட்டவன் பாட்டு... இன்னொரு தடவை பாடறீங்களா?" என்று கேட்டார். அவன் மைக்கை மறுபடி போடச் சொன்னான்.

பாட்டு முடிந்து வெளியே வந்தவரை வாசலில் சித்தி மறித்தார். கழுத்தில் கவரிங் செயின், கையில் நோட்டு.

"பேரு, நம்பர் எழுதுங்க. எழுதினா மட்டும் பத்தாது. பையன் நம்பரை போன்ல போட்டுக்கணும். எங்க, போட்டுட்டுக் காட்டுங்க பாப்போம்."

அவர் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.