கரும்பும் கடலும் சூழ்ந்த பிஜி நாடு

(பத்தாம் வகுப்பு மாணவி)

உலகப் படத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பார்த்தால், பசிபிக் மாகடலின் நீலத்தில் மைத்துளி தெறித்தாற்போலச் சில புள்ளிகள் தெரியும். அவற்றுள் ஒரு கூட்டம்தான் பிஜித் தீவுகள். இத்தனை தொலைவில் உள்ள ஒரு சிறு நாட்டைப் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும் என்று சில தோழியர் கேட்கலாம். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 15,000 பேர் அங்குக் கரும்பு வெட்டக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் அந்நாட்டின் குடிமக்களாக இருக்கிறார்கள். நமக்குச் சொந்தக்காரர் உள்ள ஊரை அறியாமல் இருப்பது முறையாகுமா?

பிஜியில் 330-க்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. மக்கள் வாழ்பவை சுமார் 110. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தாலும் நிலப்பரப்பு 18,300 சதுர கிலோமீட்டர் அளவுதான். தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்கு. 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 8,84,887. நம் கடலூர் மாவட்டத்தின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். விட்டி லெவு, வனுவா லெவு என்ற இரண்டும் பெரிய தீவுகள். 'லெவு' என்றால் பெரியது என்று பொருள். தலைநகர் சுவா, விட்டி லெவுவின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது. நம் பள்ளியில் காலை ஒன்பது மணிக்கு வழிபாட்டு மணி அடிக்கும்போது சுவாவில் பிற்பகல் மூன்றரை மணி. அங்குள்ள மாணவிகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் புறப்படும் நேரம்.

180 பாகைத் தீர்க்கரேகை இந்நாட்டின் தவெயூனி என்னும் தீவின் மீதே செல்கிறது. அக்கோட்டையே தேதிக்கோடாக வைத்திருந்தால், தீவின் ஒரு பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை நடக்கும்போது மறுபக்கத்தில் சனிக்கிழமைச் சந்தை கூடியிருக்கும்! இந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் தேதிக்கோட்டைக் கிழக்கே வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

தீவுகளில் பெரியவை எரிமலைகளால் உண்டானவை. மிக உயர்ந்த சிகரமான தோமனிவி 1,324 மீட்டர். நம் ஏற்காட்டைவிடச் சற்றுத் தாழ்வு. தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றை இம்மலைகள் தடுத்து நிறுத்துவதால் சுவாப் பக்கம் மழை கொட்டுகிறது; ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். மலைக்கு மேற்கே நாந்தி, லௌதோக்காப் பக்கம் வெயிலும் வறட்சியும். கரும்புக்கு வளரும்போது மழையும் முற்றும்போது வெயிலும் வேண்டும் என்பது நம் பக்கத்துக் கரும்புக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த செய்தி. ஆகவே மேற்குப் பக்கமும் வனுவா லெவுவின் வடகரையும் கரும்பு நாடாயின. அந்நாட்டின் சரித்திரத்தையே இம்மழைக்கணக்கு தீர்மானித்துவிட்டது என்றால் மிகையில்லை.

பீங்கான் ஊர்க்காரர்களாகிய நமக்குப் பிடித்த செய்தி ஒன்றும் உண்டு. இத்தீவுகளில் முதலில் குடியேறியவர்கள் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பு படகில் வந்தவர்கள். அவர்கள் எழுதி வைத்தது எதுவும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற மண்பாண்ட ஓடுகளே அவர்களுடைய வரலாறு. பல்போன்ற முனைகளுள்ள அச்சால் கோலம் பதித்த அந்த ஓடுகளுக்கு 'லப்பித்தா' என்று ஆராய்ச்சியாளர் பெயரிட்டுள்ளனர். இன்றும் சிங்காதோக்கா ஆற்றுப் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் பானை வனைபவர்கள் பெண்களே. சக்கரம் கிடையாது. உள்ளே ஒரு கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டியே பானையை வளர்க்கிறார்கள். திறந்த வெளியில் தீமூட்டிச் சுட்டு, சூடு ஆறுமுன் ஒருவகை மரத்தின் பிசினைத் தேய்க்கிறார்கள். அது மெருகு போலப் பளபளக்கிறது. நம் ஊர்ச் சூளையில் பீங்கானுக்குப் பூசும் மெருகுக்கு அதை ஒரு தூரத்து உறவு எனலாம்.

இப்பழங்குடி மக்களை இதௌக்கெய் என்பர். 'உரியவர்' என்பது அதன் கருத்து. மீனும் சேப்பங்கிழங்கும் மரவள்ளியும் தேங்காயும் அவர்களுடைய உணவு. குழி தோண்டிக் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, இலையில் பொதிந்த உணவை அதனுள் வேகவைப்பார்கள். அவர்களுடைய மொழியில் 'வனுவா' என்று ஒரு சொல் இருக்கிறது. நிலம் என்பது அதன் நேர்பொருள். ஆனால் அந்நிலத்தில் வாழும் குலம், அதன் தலைவர், வழக்கங்கள், முன்னோர் எல்லாம் அச்சொல்லுக்குள் அடக்கம். இச்சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் மேலே வருவது விளங்கும்.

1874 அக்டோபர் 10 அன்று தாகொம்பாவு முதலிய தலைவர்கள் லெவுக்கா என்ற ஊரில் கையெழுத்திட்டுத் தீவுகளை பிரிட்டனுக்கு ஒப்படைத்தனர். மறு ஆண்டே பெருந்துன்பம் வந்தது. சிட்னிக்குப் போய்வந்த கப்பலோடு தட்டம்மை நோய் வந்து இறங்கியது. அதுவரை அந்நோயை அறியாத மக்களில் சுமார் 40,000 பேர் மாண்டனர். அப்போது வந்த ஆளுநர் ஆர்தர் கார்டன், எஞ்சிய மக்களையும் தோட்ட வேலைக்கு இழுத்தால் அந்த இனமே அழியும் என்று எண்ணினார். அவர்களுடைய நிலத்தை விற்கக்கூடாது, கிராம வாழ்க்கையைக் குலைக்கக்கூடாது என்று ஏற்பாடு செய்தார். நல்ல எண்ணந்தான். ஆனால் அரசாங்கத்தின் செலவுக்குப் பணம் வேண்டும். பணத்துக்குக் கரும்பு வேண்டும். கரும்புக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கிருந்து வந்தான்? இந்தியாவிலிருந்து. ஓர் ஏழையைக் காப்பாற்ற இன்னோர் ஏழையைக் கொண்டுவந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

'லியோனிடாஸ்' என்ற முதல் கப்பல் கல்கத்தாவிலிருந்து 1879 மே 14 அன்று பிஜியை அடைந்தது. 1916 வரை மொத்தம் 60,000-க்கும் மேற்பட்டோர் வந்தனர். வடக்கே ஆள் கிடைப்பது கடினமான பிறகே சென்னையில் ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள். வட ஆற்காடு, தஞ்சாவூர், கோயம்புத்தூர், மலபார், கிருஷ்ணா, கோதாவரி மாவட்டங்களிலிருந்து தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் போனார்கள். அங்கே அவர்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்: மதராஸி.

ஒப்பந்தம் என்பதற்கான 'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. ஐந்து ஆண்டு வேலை. பத்து ஆண்டு தங்கினால்தான் ஊர் திரும்ப இலவசக் கப்பல். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அதுவும் குறித்த வேலையை முடித்தால்தான். குடியிருப்பு வரிசையில் ஓர் அறை பத்தடிக்கு ஏழடி. அதில் ஒரு குடும்பம் அல்லது மணமாகாத ஆண்கள் மூவர். தடுப்புச் சுவர் கூரை வரை எட்டாது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில்தான் ஆள் சேர்த்தார்கள். இதனால் பெண்கள் பட்ட துன்பத்தை விரித்து எழுத இங்கே இடமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். குந்தி என்ற பெண்ணை 1912-இல் வாழைத் தோட்டத்தில் தனியாகக் களையெடுக்க அனுப்பினார்கள். அங்கே வந்த மேற்பார்வையாளனிடமிருந்து தப்ப அவள் ஓடி ஆற்றில் குதித்தாள். படகில் இருந்த ஒரு சிறுவன் அவளைக் காப்பாற்றினான். அவளுடைய வரலாறு 1913-இல் இந்தியப் பத்திரிகை ஒன்றில் வெளியானபோது நாடே கொதித்தது. நம் மகாகவி பாரதியாரும் பிஜித் தீவின் பெண்களை நினைத்தே 'கரும்புத் தோட்டத்திலே' என்ற பாட்டைப் பாடினார். சி. எஃப். ஆண்ட்ரூஸ் என்னும் ஆங்கிலேயப் பெருமகனார் 1915-இல் நேரில் சென்று பார்த்து அறிக்கை எழுதினார். 1916-உடன் கப்பல்கள் நின்றன. 1920 ஜனவரி முதல் நாள் எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின.

விடுதலை பெற்றவர்கள் என்ன செய்தார்கள்? பலர் அங்கேயே பத்து ஏக்கர் அளவு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அதே கரும்பைப் பயிரிட்டார்கள். குத்தகை என்ற சொல்லைத் தோழியர் கவனிக்க வேண்டும். பிஜியில் நூற்றுக்கு 87 பங்குக்கும் மேலான நிலம் இதௌக்கெய் குலங்களுக்கே உரியது; அதை விலைக்கு வாங்க முடியாது. 1940-இல் அமைந்த ஒரு வாரியம் அக்குலங்களின் சார்பில் குத்தகைக்கு விடுகிறது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைக் காலம் குறைந்தது 30 ஆண்டு என்றது. அக்காலம் 1997 முதல் முடியத் தொடங்கியபோது பல குடும்பங்களுக்குப் புதுக் குத்தகை கிடைக்கவில்லை. பாட்டன் காடு திருத்தி, தந்தை வீடு கட்டிய மண்ணைவிட்டு மகன் பெட்டியோடு வெளியேறினான். இது கொடுமையல்லவா என்போம். ஆனால் அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் இதௌக்கெய் மக்களின் வனுவா எந்தக் கம்பெனிக்கோ என்றைக்கோ போயிருக்கும். பசிபிக்கில் பல தீவினருக்கு அப்படித்தான் ஆயிற்று. இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால்தான் அந்நாட்டின் வழக்கு இத்தனை காலம் தீராமல் கிடந்தது.

பிஜி 1970 அக்டோபர் 10 அன்று சுதந்திரம் பெற்றது. ஒப்படைத்த அதே தேதி. ராத்து சர் கமிசேசே மாரா முதல் பிரதமர். ('ராத்து' என்பது குலத்தலைவருக்குரிய பட்டம்.) 1987 ஏப்ரல் தேர்தலில் டாக்டர் திமோதி பவந்த்ரா வென்றார். அவர் இதௌக்கெய் இனத்தவரே. ஆனால் அவர் கட்சிக் கூட்டணியின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சத்தினர். ஒரே மாதம் சென்றது. மே 14 அன்று லெப்டினன்ட் கர்னல் சித்திவேனி ரம்புக்காவின் ஆணைப்படி முகமூடி அணிந்த சிப்பாய்கள் பாராளுமன்றத்தில் புகுந்தனர். முதல் கப்பல் வந்த தேதியும் மே 14 என்பதை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டே பிஜி குடியரசாயிற்று. 1990-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இந்தியர் பிரதமராக முடியாதபடி செய்தது. ஆயிரக்கணக்கானோர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று கப்பலும் விமானமும் ஏறினர். 1986-இல் மக்களில் ஏறக்குறையப் பாதியாக இருந்த இந்திய வம்சத்தினர் 2007-இல் நூற்றுக்கு 37 அளவாகக் குறைந்தனர்.

1997-இல் சட்டம் திருத்தப்பட்டு, 1999-இல் மகேந்திர சௌத்ரி முதல் இந்திய வம்சப் பிரதமரானார். மறு ஆண்டு மே 19 அன்று ஆயுதக் கும்பல் ஒன்று பாராளுமன்றத்தைக் கைப்பற்றி அவரையும் மற்றவர்களையும் 56 நாள் பிணையாக வைத்தது. 2006 டிசம்பரில் தளபதி பைனிமராமா மீண்டும் ஆட்சியைக் கவிழ்த்தார்.

எனினும் 2013-இல் அவர் காலத்தில் வந்த அரசியல் சட்டத்தில் ஒரு பெரிய மாறுதல் இருக்கிறது. அதுவரை 'பிஜியர்' என்ற பெயர் பழங்குடியினருக்கு மட்டுமே. நான்கு தலைமுறையாக அங்கே பிறந்தவளும் 'இந்தியள்' தான். இப்போது குடிமக்கள் எல்லாரும் பிஜியர். இனவாரியான இடங்கள் போயின. பாராளுமன்றம் ஒரே சபை. 2022 தேர்தலில் 55 உறுப்பினர். விந்தை என்னவென்றால் நம் விருத்தாசலம் போலத் தொகுதிகளே இல்லை. நாடு முழுவதும் ஒரே தொகுதி. ஒவ்வொரு கட்சிக்கும் கிடைத்த வாக்கின் அளவுக்கு ஏற்ப இடங்கள். நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்தால் ஓரிடமும் கிடையாது. குடியரசுத் தலைவரைப் பாராளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது.

2022 டிசம்பர் தேர்தலுக்குப்பின் பிரதமரானவர் யார் தெரியுமா? அதே ரம்புக்கா. 2023 மே மாதத்தில், கிர்மிட் தொழிலாளர் நினைவு நாள் முதன்முறையாக அரசு விடுமுறையாக்கப்பட்டபோது, 1987-இல் செய்ததற்காக அவர் பொதுக்கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பால் போனவர்கள் திரும்பிவரப் போவதில்லை. ஆயினும் துப்பாக்கியால் ஆட்சியைப் பிடித்த ஒருவர் முப்பத்தாறு ஆண்டு கழித்து ஊரறியத் தலைகுனிவது எந்த நாட்டிலும் அடிக்கடி நடப்பதன்று.

இன்று கரும்பைவிடச் சுற்றுலாவே நாட்டுக்கு அதிக வருவாய். புயல் அவர்களுக்கும் பழக்கம். 2011-இல் 'தானே' நம் மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது போல, 2016 பிப்ரவரியில் 'வின்ஸ்டன்' புயல் 44 பேரைப் பலிகொண்டது. கடல்மட்டம் உயர்ந்து வருவதால் வுனிதொங்கோலோவா என்ற கிராமமே 2014-இல் கரையைவிட்டு மேட்டுக்குக் குடிபெயர்ந்தது.

தமிழ் என்னவாயிற்று என்று பெரியோர் கேட்பார்கள். வீட்டில் பேசுவது பெரும்பாலும் பிஜி இந்தி. ஆனால் 1926-இல் சாது குப்புசுவாமி நாந்தியில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது. நாந்தியில் திராவிடச் சிற்ப முறையில் சிவசுப்பிரமணியர் கோயில் 1994-இல் புதிதாக எழும்பியது. சங்கம் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. லம்பாசா நகரில் செவிலியர் கல்லூரியும் உண்டு. கரும்பு வெட்டியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் காசு சேர்த்துக் கட்டத் தொடங்கிய அப்பள்ளிகளில், நிலத்துக்கு உரியவர்களான இதௌக்கெய் மக்களின் பிள்ளைகளும் இப்போது ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.