பகிடியும் பார்த்து நின்றவர்களும்

பகிடிவதை என்றதும் பல்கலைக்கழகமும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமும்தான் நம் நினைவுக்கு வரும். நான் அதைக் கண்டது ஆறாம் தரத்தில்.

கேகாலை மாவட்டத்தில் தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் சிலவற்றில் நம் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். நான் படிப்பித்த வகுப்பில், றப்பர் தோட்டத்து லயத்திலிருந்து வந்த ஒரு பையனை நம் பிள்ளை ஒருவன் 'தோட்டக்காட்டான்' என்று கூப்பிடுவான். வகுப்பே சிரிக்கும். கூப்பிட்டவனை முழந்தாளில் வைத்தேன். "சும்மா பகிடிக்குத்தான் சேர்" என்றான். வகுப்பில் நின்ற கேலி பஸ் தரிப்பிடத்தில் தொடர்ந்தது. சில வாரங்களில் அந்தப் பையன் பாடசாலைக்கு வருவதையே விட்டுவிட்டான்.

என் பிழை எது என்பது பிறகு வாசித்தபோதுதான் விளங்கியது. நோர்வே ஆய்வாளர் டான் ஒல்வியஸ் இதைப் பிள்ளைகளின் சாதாரண சண்டையிலிருந்து பிரித்துக் காட்டினார்: வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, பலம் குறைந்தவர்மீது செய்வதே இது. எண்ணிக்கையும் அந்தஸ்தும்கூடப் பலம்தான். 1996இல் பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லி குழுவினர் 573 பிள்ளைகளை ஆராய்ந்து, இதில் முழு வகுப்புக்குமே பங்குண்டு என்றனர். துணைபோகிறவர், சிரித்து உற்சாகப்படுத்துகிறவர், ஒதுங்கி நிற்கிறவர், பாதிக்கப்பட்டவருக்காகப் பேசுகிறவர் என்று பலர்.

2001இல் வெளிவந்த கனடிய ஆய்வொன்று விளையாட்டு மைதானத்தை வீடியோவில் பதிந்து பார்த்தது. 100க்கு 88 சம்பவங்களில் மற்றப் பிள்ளைகளும் அங்கிருந்தார்கள். 19இல் மட்டுமே யாராவது தலையிட்டார்கள். ஆனால் அப்படித் தலையிட்டபோது பாதிக்கு மேல் 10 விநாடிக்குள் நின்றுவிட்டது!

பின்லாந்தின் 'கிவா' திட்டம் இதையே பயன்படுத்துகிறது. ஆசிரியர்கள் பாதிக்கப்பட்ட பிள்ளையிடமும் தொந்தரவு செய்தவர்களிடமும் தனித்தனியே பேசுகிறார்கள். பிறகு வகுப்பில் மதிப்புள்ள இரண்டு முதல் நான்கு பிள்ளைகளை அழைத்து, அந்தப் பிள்ளைக்குத் துணையாக இருக்கச் சொல்கிறார்கள். நான் ஒருவனைத் தண்டித்தேன். சிரித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனித்துப் போனவனுக்கு ஒரு கூட்டாளியைத் தேடிக் கொடுக்கவுமில்லை.

பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் பரிகசிப்பதையும் சூறா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. அதை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் ஓதுகிறார்கள். ஆனால் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை அவர்கள் எங்கே படித்தார்கள்? பெரும்பாலும் நம் வீட்டுத் திண்ணையில்தான். திருத்தத்தையும் அங்கிருந்தே தொடங்குவோம்.