டார்க் ரெஞ்சும் நீட்டிப்புத் துண்டும்

வயலுக்கு நீர் இறைக்கும் டீசல் எஞ்சினாயினும், மின்சாரம் நின்ற வேளையில் விசைத்தறிக் கூடத்திற்குக் கைகொடுக்கும் ஜெனரேட்டராயினும், அதன் நட்டுகளை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் குறித்துள்ளார். அவ்வளவோடு நிறுத்த உதவுவதே டார்க் ரெஞ்ச். பலர் சேர்ந்து வாங்கிப் பயன்படுத்தத் தக்க கருவி இது. கருவி பொதுவாயின், அதன் முறையும் யாவருக்கும் தெரிந்திருத்தல் நலம்.

இன்ஜெக்டருக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் உயர் அழுத்தக் குழாயின் நட்டை எடுத்துக்கொள்வோம். குழாய் நட்டின் ஊடே செல்வதால் அதன்மீது சாக்கெட்டைக் கவிழ்க்க இயலாது. ஆகவே ‘குரோஃபுட்’ எனப்படும் திறந்த வாயுடைய சிறு ஸ்பானரை ரெஞ்சின் முனையில் மாட்டுகிறோம். இங்கேதான் கணக்கு மாறுகிறது. கடப்பாரை நீண்டால் பெருங்கல்லும் எளிதில் அசைவதை நாம் அறிவோம். அதுபோலவே, துண்டு நேராக நீளும்போது அதே கைவிசை நட்டின்மீது அதிக முறுக்காக விழுகிறது. ரெஞ்சோ தன் சதுர முனையில் ஏற்படும் முறுக்கை மட்டுமே காட்டும்.

கைப்பிடியின் நடுவிலிருந்து சதுர முனையின் நடு வரை ஒரு நீளம். அம்முனையிலிருந்து நட்டின் நடு வரை மற்றொரு நீளம். குறித்த முறுக்கை முதல் நீளத்தால் பெருக்கி, இரு நீளங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், ரெஞ்சில் வைக்க வேண்டிய அளவு கிடைக்கும். உதாரணமாக, முறுக்கு 30 நியூட்டன் மீட்டர், ரெஞ்சு 300 மில்லிமீட்டர், துண்டு 60 மில்லிமீட்டர் எனக் கொண்டால், 30ஐ 300ஆல் பெருக்கி 360ஆல் வகுக்க, 25 வரும். மாற்றாமல் 30லேயே வைத்தால் நட்டில் விழுவது 36. இத்தகைய மிகையிறுக்கத்தால் குழாயின் கூம்பு முனை நசுங்கி எண்ணெய் கசியலாம், மரை கெடலாம். நாற்று நட்ட வாரத்தில் எஞ்சின் நின்றால் வரும் நஷ்டத்தைச் சொல்ல வேண்டுவதில்லை.

துண்டை ரெஞ்சுக்குச் செங்கோணமாக மாட்டினால் அளவை மாற்ற வேண்டுவதில்லை. சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் இடையே செங்குத்தாக நிற்கும் நீட்டிப்புத் தண்டுக்கும் இதுவே விதி. துண்டு நேராக நீளும்போது கை கைப்பிடியின் நடுவிலேயே இருத்தல் அவசியம். இடம் மாறினால் கணக்கும் பிழைபடும். பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டுதல் கூடவே கூடாது.

ரெஞ்சின் நீளத்தையும் துண்டின் நீளத்தையும் ஓர் அட்டையில் எழுதிக் கருவிப் பெட்டியில் வைத்துவிட்டால், அடுத்து எடுப்பவர் எவராயினும் பிழையின்றி வேலை முடிப்பார். அங்கத்தினர்கள் இதனை இன்றே செய்யுமாறு வேண்டுகிறோம்.