தடுப்பூசியும் அரசின் முடிவுகளும்

ஏரி நிறைந்துவிட்டால் மட்டும் பயிர் விளைந்துவிடாது என்பதை நம் விவசாயப் பெருமக்களுக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. மதகை எந்நாள் திறப்பது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை விடுவது, கடைமடைக்கு நீர் சேருகிறதா என்பதை யார் கண்காணிப்பது ஆகியவற்றை முடிவு செய்த பின்னரே ஏரி நீர் பயிருக்கு உதவுகிறது. தடுப்பூசியும் அத்தகையதே. நோயைத் தடுக்கும் மருந்தை விஞ்ஞானிகள் கண்டறிகின்றனர். அதனை எங்கே தயாரிப்பது, எவ்விடத்தில் போடுவது, எவர் செலவில் போடுவது என்பவற்றை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் முடிவு செய்கின்றன. அம்முடிவுகளின் நன்மையும் தீமையும் இறுதியில் நம் ஊராட்சியின் தெருக்களிலேதான் தெரியவருகின்றன.

முடிவு உறுதியாயிருந்து, கடைசி வீடு வரை அது சென்று சேர்ந்தால் விளையும் பயனை நாம் கண்டிருக்கிறோம். நம் நாட்டில் பெரியம்மை 1975-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. இயற்கையாகப் பரவும் இளம்பிள்ளை வாதக் கிருமியால் இந்நாட்டில் ஒரு குழந்தை கடைசியாகப் பாதிக்கப்பட்டது 2011-ஆம் ஆண்டு ஜனவரியில். 2014 மார்ச்சில் இந்தியாவுக்கு அந்நோய் நீங்கிய நாடு என்ற சான்று கிடைத்தது.

எண்ணிக்கை ஏன் முக்கியம்?

தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். தடுப்பாற்றல் இல்லாதவர்களிடையே, நோயுற்ற ஒரு குழந்தை பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதனைத் தரவல்லது. ஆகையால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளாவது இரண்டு தவணையும் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று சுகாதார நிபுணர்கள் கூறுகின்றனர். ஓர் ஊராட்சியில் ஆண்டுக்கு நூறு குழந்தைகள் பிறப்பதாகவும், எண்பது பேருக்கு மட்டுமே ஊசி போடப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். எண்பது என்பது நல்ல மதிப்பெண் போலத் தோன்றும். ஆனால் விடுபடும் இருபது பேர் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வருகின்றனர். ஐந்தாண்டுகளில் பாதுகாப்பற்ற குழந்தைகள் நூறு பேர் அவ்வூரில் இருப்பர். பிறகு ஒரு நாள் நோய் புகுந்தால், அந்நூறு பேரும் காய்ந்த வைக்கோற்போருக்கு ஒப்பாவர். இன்று எடுக்கும் ஒரு முடிவின் விளைவு சில ஆண்டுகள் கழித்துத் தெரியவருவதற்குக் காரணம் இதுவே.

எவ்விடத்தில் போடுவது?

2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட குழந்தைகளுள் நால்வர் உயிரிழந்தனர். தமிழகமெங்கும் பெற்றோர் கலங்கினர். அதன் பின்னர் மாநில அரசு, தடுப்பூசியை ஊர்களில் போடாமல், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் மருத்துவர் முன்னிலையிலேயே போட வேண்டும் என முடிவு செய்தது. குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதி எடுக்கப்பட்ட முடிவு அது. எனினும் அதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதுவரை கிராம சுகாதார செவிலியர் புதன்கிழமைதோறும் ஊருக்கே மருந்தைக் கொண்டுவந்தார். இப்பொழுது தாய் கைக்குழந்தையுடன் பஸ் ஏறிச் செல்ல வேண்டியதாயிற்று. அன்றைய நாட்கூலியையும் அவள் இழக்க வேண்டியிருந்தது.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஒரு வயது நிறைந்து இரண்டு வயது நிறையாத குழந்தைகளில் எல்லாத் தடுப்பூசிகளும் பெற்றோர் 2005–06-இல் நூற்றுக்கு 80.9 ஆக இருந்தனர். 2015–16-இல் அது 69.7 ஆகக் குறைந்தது. இவ்விறக்கம் முழுவதற்கும் மேற்கூறிய முடிவு ஒன்றே காரணம் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் ஊசி போடும் இடம் வீட்டிலிருந்து விலகுந்தோறும் ஏழைக் குழந்தை விடுபடும் வாய்ப்பு மிகுகிறது என்பதில் ஐயமில்லை. பின்னர் ஊர்களிலேயே மீண்டும் ஊசி போடப்படலாயிற்று. 2019–21-ஆம் ஆண்டு ஆய்வில் அவ்வெண்ணிக்கை 89.2 ஆக உயர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

எங்கே தயாரிப்பது?

அதே 2008-ஆம் ஆண்டு ஜனவரியில், கிண்டியிலுள்ள பி.சி.ஜி. தடுப்பு மருந்து ஆய்வுக்கூடம், குன்னூர் பாஸ்டர் நிலையம், இமாசலப் பிரதேசத்துக் கசௌலி நிலையம் ஆகிய மூன்று மத்திய அரசு நிலையங்களின் தயாரிப்பு உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. தயாரிப்புக் கூடங்கள் உரிய தர விதிகளுக்கு ஏற்ப அமையவில்லை என்பது கூறப்பட்ட காரணம். குறையைத் திருத்தும் வரை வேலையை அறவே நிறுத்துவதா, வேலை நடக்கும்பொழுதே திருத்துவதா என்பது அரசின் முன்னிருந்த கேள்வி. அரசு முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது. அதன் விளைவாகத் தேசியத் திட்டத்துக்கு வேண்டிய மருந்துகளுக்குத் தனியார் நிறுவனங்களையே பெரிதும் நம்பியிருக்க நேர்ந்தது, தட்டுப்பாடும் தோன்றியது. 2010 பிப்ரவரியில் உரிமங்கள் திரும்ப வழங்கப்பட்டன.

பின்னர் 2012-இல், செங்கற்பட்டுக்கு அருகே திருமணியில் சுமார் நூறு ஏக்கர் நிலத்தில், 594 கோடி ரூபாய் மதிப்பில் ஒருங்கிணைந்த தடுப்பூசித் தொழிற்சாலை அமைக்க மத்திய அரசு ஒப்புதல் தந்தது. கட்டடங்கள் எழும்பின. ஆனால் 2021-இல் கொரோனா நோய் கொடுமையாகப் பரவியபொழுது, அத்தொழிற்சாலையிலிருந்து ஒரு தடுப்பூசியும் வெளிவரும் நிலை இல்லை. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழக முதலமைச்சர் அதனை நேரிற் பார்வையிட்டு, மாநிலத்திற்குக் குத்தகைக்கு விடுமாறு பிரதம மந்திரிக்குக் கடிதம் எழுதினார். விதை நெல்லைச் சேமிக்காதவன் மழை வந்த பிறகு பிறர் வீட்டு வாயிலில் நிற்க நேரும் என்பது உழவர் அறிந்ததன்றோ?

எவர் செலவில்?

2021 மே 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் கொள்கைப்படி, 18 முதல் 44 வயது வரை உள்ளோருக்கான மருந்தை மாநிலங்களே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. மத்திய அரசு ஒரு தவணைக்கு 150 ரூபாய் கொடுத்து வாங்கிய அதே மருந்துக்கு மாநிலங்கள் கோவிஷீல்டாயின் 300 ரூபாயும், கோவாக்சினாயின் 400 ரூபாயும் கொடுக்க நேர்ந்தது. தமிழக அரசு மூன்றரைக் கோடி தவணை மருந்துக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது, எந்நிறுவனமும் முன்வரவில்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இதன் விளைவு உடனே தெரிந்தது. தொழிற்சாலைகளில் பணிபுரிவோருள் மிகப் பலர் இந்த வயதினரே. ஊரடங்கு நடப்பிலிருந்தும் மோட்டார் தொழிற்சாலைகள் இயங்க விலக்களிக்கப்பட்டிருந்தது. வேலைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. ஊசி வந்து சேரவில்லை. மே மாதத்தில் ஒரகடத்துக் கார் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. அம்மாத இறுதியில் இவ்வட்டாரத்துப் பெரிய ஆலைகள் சில, சில நாட்கள் மூடப்பட்டன. இவ்வயதினரிடம் பணம் பெறும் கொள்கை மேலெழுந்தவாரியாகப் பார்க்கையிலேயே நியாயமற்றதாகத் தோன்றுகிறது என்ற கருத்தை உச்ச நீதிமன்றமும் வெளியிட்டது. ஜூன் 7-ஆம் தேதி கொள்கை மாற்றம் அறிவிக்கப்பட்டது. ஜூன் 21 முதல், தயாராகும் மருந்தில் நூற்றுக்கு 75 பங்கை மத்திய அரசே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாக வழங்கலாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி தமிழக அரசு சுமார் நாற்பதாயிரம் இடங்களில் முகாம் நடத்தியபொழுது, ஒரே நாளில் 28 இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர். விலையும் தூரமும் தடையாக நில்லாதபோது மக்கள் திரண்டு வருகின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

முடிவுக்குச் சான்று வேண்டும்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-ஆம் ஆண்டு தொடங்கிய பி.சி.ஜி. ஆராய்ச்சியை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். 209 ஊராட்சிகளையும் சில நகரங்களையும் சேர்ந்த மக்கள் அதில் பங்குகொண்டனர். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதனைக்கு உடன்பட்டனர். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை இவ்வூசி தடுப்பதில்லை என்ற முடிவு அதிலிருந்து கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசத்தைத் தடுப்பதால், பிறந்தவுடன் அதைப் போடும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. இதை உலகம் அறிந்தது நம் மாவட்டத்துக் கிராம மக்களின் ஒத்துழைப்பாலேயே. கொள்கைகளைச் சோதித்துப் பார்ப்பதற்கும், சோதனையின் முடிவை ஏற்பதற்கும் அரசுகள் அஞ்சலாகாது.

ஊராட்சி மன்றத்தின் பங்கு

மருந்தின் விலையையும் தொழிற்சாலையின் உரிமத்தையும் ஊராட்சி மன்றம் முடிவு செய்ய இயலாது. ஆயினும் கடைமடை நம் கையில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, மாம்பாக்கம், வல்லம், வடகால், ஒரகடம் முதலிய ஊர்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் முதலிய மாநிலத்தார் குடியேறியுள்ளனர். 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு உரிய ஆண்டில் எடுக்கப்படவில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் இல்லாத குழந்தையை, வீடு வீடாகச் சென்றாலன்றி எவரும் அறிய முடியாது. ஆதலின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டிலுள்ள வாடகை வீடுகள், கட்டட வேலைக் கொட்டகைகள், செங்கற்சூளைகள் ஆகியவற்றில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுத்துச் செவிலியரிடம் தருதல் வேண்டும். எந்த மாநிலத்துக் குழந்தையாயினும் அரசு நிலையத்தில் கட்டணம் இல்லை என்பதை வீட்டு உரிமையாளர் வாயிலாக அறிவிக்கலாம்.

தாயும் தந்தையும் ஷிப்டு வேலைக்குச் செல்லும் ஊர்களில் புதன்கிழமைப் பகல் வேளை மட்டும் போதாது. மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஒரு முகாம் வேண்டுமெனக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்புவது நலம். ஊசி போட்டபின் குழந்தையை அரைமணி நேரம் அங்கேயே வைத்திருக்கவும், தட்டம்மை மருந்தைக் கரைத்த நான்கு மணி நேரத்திற்குப் பின் பயன்படுத்தாதிருக்கவும் விதி உண்டு. அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கேட்பது ஊராரின் உரிமை. ஏதேனும் தீங்கு நேர்ந்தால் மறைக்காமல் உடனே அறிவிக்கவும், விசாரணையின் முடிவைக் கிராம சபையில் வெளியிடுமாறு கேட்கவும் வேண்டும். உண்மையைத் தெரிந்துகொண்ட மக்களிடையே வதந்தி நிலைப்பதில்லை.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், ‘நம் ஊரில் விடுபட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் எவ்வீட்டார்?’ என்ற ஒரு கேள்வியை உறுப்பினர்கள் எழுப்புவார்களாக. அதற்கு விடையாகக் கிடைக்கும் பெயர்ப் பட்டியலே அவ்வூரின் சுகாதாரப் பணிக்குத் தொடக்கமாகும்.