நாள் குறித்து வைப்போம்

கலியாணமாகி மூன்று நான்கு வருடங்களாகியும் பிள்ளையில்லை என்ற கவலையோடு எம்மிடம் வரும் தம்பதியர் பலர். இடம்பெயர்ந்து, தறப்பாள் கொட்டிலிலும் உறவினர் வீட்டுத் தாழ்வாரத்திலும் காலங்கழித்தவர்கள் இவர்கள். பழியோ பெண்ணின் தலையிலேயே விழுகின்றது. ‘மலடி’ என்ற சொல்லை எமது வாயிலிருந்து அகற்றுவதே முதல் வேலை. காரணம் ஆணிடமும் இருக்கலாம். இருவரிடமும் சேர்ந்தும் இருக்கலாம்.

கருமுட்டை பொதுவாக ஒரு மாதச் சுற்றில் ஒருமுறையே வெளிவருகின்றது. அது 12 முதல் 24 மணித்தியாலம் வரையே உயிரோடிருக்கும். விந்தணு 5 நாட்கள் வரை உயிர்வாழக்கூடியது. ஆகவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய 5 நாட்களுமே கருத்தரிக்கும் காலம்.

1920களில் ஜப்பானில் ஒகினோவும் ஒஸ்திரியாவில் க்னௌசும் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டனர். அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு முன்னரே முட்டை வெளிவருகின்றது. 28 நாட் சுற்றுள்ளவருக்கு அது 14ஆம் நாளளவில் வரும். 35 நாட் சுற்றுள்ளவருக்கு 21ஆம் நாளளவில் வரும். எல்லோருக்கும் ஒரே நாள் பொருந்தாது.

1950களில் மெல்பேர்ண் நகரில் வைத்தியர் ஜோன் பில்லிங்ஸ் உடலின் அடையாளத்தையே பார்க்கச் சொன்னார். முட்டையின் வெள்ளைக்கருவைப் போல வழுவழுப்பான, இழுபடும் கசிவு காணும் நாட்களே உகந்த நாட்கள். நிலத்தின் ஈரம் பார்த்து விதைக்கும் எமக்கு இது விளங்காத காரியமல்ல.

பட்டினி, உடல் மெலிவு, துயரம் என்பவற்றால் மாதவிலக்கு தவறலாம், நின்றும் போகலாம். இது சாபமல்ல. உணவும் அமைதியும் திரும்ப, பலருக்கு அதுவும் திரும்புகின்றது. எனினும் மூன்று மாதம் வராவிட்டால் வைத்தியரைக் காணவேண்டும்.

சிகிச்சையும் நாட்கணக்கிலேயே நடக்கின்றது. ஹோர்மோன் இரத்தப் பரிசோதனை சில தொடக்க நாட்களில் செய்யப்படும். முட்டை வெளிவந்ததா என்று அறியும் பரிசோதனை அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 7 நாட்களுக்கு முன்னர் செய்யப்படும். முட்டையை வளர்க்கும் குளிசைகளும் வழமையாகத் தொடக்க நாட்களிலேயே ஆரம்பிக்கப்படும். நாள் பிழைத்தால் முடிவும் பிழைக்கும். ஒரு மாதமும், கடன்பட்டுக் கொடுத்த பஸ் காசும் வீணாகும்.

ஆகவே ஒரு கலண்டரிலோ பழைய கொப்பியிலோ, இரத்தம் நன்றாகப் படத் தொடங்கிய முதல் நாளை ஒவ்வொரு மாதமும் குறித்து வையுங்கள். சிறு கறை மட்டும் கண்ட நாளைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். ஒரு வருடம் முயன்றும் பலனில்லையெனில், மனைவிக்கு 35 வயதாகியிருந்தால் ஆறு மாதத்திலேயே, அக்குறிப்போடு குடும்ப நல உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கணவரும் கூடவே போகட்டும். விந்துப் பரிசோதனை இலகுவானது, அதில் வெட்கமில்லை.

தம்பதியரின் இணைவுக்குத் துணைசெய்யும் மருத்துவத்தைத் திருச்சபை வரவேற்கின்றது. அவ்விணைவுக்குப் பதிலாக ஆய்வுகூடத்தில் கருவை உருவாக்குவதை அது ஏற்பதில்லை என 1987இல் உரோமை தெளிவுபடுத்தியது.

எல்லா முயற்சியும் பலிக்கும் என்று நாம் வாக்களிக்க முடியாது. பிள்ளையில்லாத வீடும் நிறைவான குடும்பமே. அவர்களை நல்ல காரியங்களில் ஒதுக்கி வைக்காமல், முன்வரிசையில் அழைத்து இருத்துவோம்.