இன்று மாலை என்ன நிகழ்ச்சி?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அன்பர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். அவருடைய மகள் எங்கள் கல்லூரியிலே 10ஆம் தரத்தில் பயில்கின்றாள். வழக்கமாக மகளின் படிப்பைப் பற்றி விசாரிக்க வருபவர், அன்று கையில் ஒரு பையுடன் வந்தார். பைக்குள்ளே இருந்தது, புத்தம் புதிய தொலைக்காட்சிப் பெட்டியொன்றின் ரிமோட்!

"பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாதுங்களே சேர், அதனாலே இதை மட்டும் கொண்டு வந்தேன்" என்றார்.

விஷயம் இதுதான். பெட்டி தவணைக்கு எடுத்தது. ரிமோட்டிலே 'கைட்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஒரு வாரத்து நிகழ்ச்சிகளும் நேரத்தோடு திரையில் வரிசையாகத் தோன்றும் என்று கடைக்காரப் பையன் சொல்லியிருக்கின்றான். வீட்டுக்குக் கொண்டுபோய், கூரைமேல் அன்ரெனாவைக் கட்டி, படமும் தெளிவாக வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் மட்டும் 'தகவல் இல்லை' என்ற ஒரே பதில். பெட்டி பழுது என்று முடிவுகட்டி, மறுநாள் வேலையை விட்டுவிட்டு அதைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோக எண்ணியிருந்தார். ஒரு நாட் சம்பளமும் வாகனக் கூலியும் வீணாகப் போயிருக்கும்.

"பெட்டி பழுதில்லை, அண்ணே. பெட்டிக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை" என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் திருப்தியளிக்கவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. அவரைப் போல இன்னும் எத்தனையோ இல்லங்களில் அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டுக்கொண்டிருக்கும் என்று தோன்றியதனால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகின்றேன்.

நம்முடைய கூரைகளில் வந்து விழும் தொலைக்காட்சி அலை பெரும்பாலும் 'அனலொக்' எனப்படும் பழைய முறையைச் சேர்ந்தது. இலங்கையின் முதலாவது தொலைக்காட்சிச் சேவையான சுயாதீன தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதியும், ஜப்பானிய அரசின் கொடையாகக் கிடைத்த ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதியும் தொடங்கப்பட்டபோது இருந்த முறை அதுவே. 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகால மலையுச்சியிலிருந்து ரூபவாஹினியின் அலை புறப்படுகின்றது. அது சுமந்துவருவது படத்தையும் ஒலியையும். இந்தப் படத்தின் பெயர் என்ன, எத்தனை மணிக்கு முடியும், அடுத்து வருவது யாது என்பவற்றைச் சொல்லும் ஏற்பாடு அதனுள் இயல்பாக அமைந்ததன்று. பிரித்தானியர் ஓர் உபாயம் செய்தனர். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலே வெறுமையாகச் செல்லும் கோடுகளில் எழுத்துகளைச் செருகி, 1974ஆம் ஆண்டில் பி.பி.சி. 'சீஃபாக்ஸ்' என்னும் சேவையைத் தொடங்கியது. செய்தி, காலநிலை, நிகழ்ச்சிப் பட்டியல் எல்லாம் அதில் வந்தன. 2012 ஒக்டோபரில் அது விடைபெற்றது.

'டிஜிட்டல்' முறை வேறு. மாத்தளைப் புகையிரத நிலையத்தில் நின்று ஒரு சரக்கு வண்டி வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. டிஜிட்டல் அலை என்பது முடிவில்லாத ஒரு சரக்கு வண்டி. அதன் பெட்டிகள் யாவும் ஒரே அளவு; ஒவ்வொன்றும் 188 பைட். சில பெட்டிகளில் படம், சிலவற்றில் ஒலி, இடையிடையே சில பெட்டிகளில் வெறும் எழுத்து. நிகழ்ச்சியின் பெயர், தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், இரண்டு வரிச் சுருக்கம் ஆகியவை அந்த எழுத்துப் பெட்டிகளிலே வருகின்றன. சரியான மணி என்ன என்பதுகூட வருகின்றது. வீட்டிலுள்ள தொலைக்காட்சி அவற்றைப் பொறுக்கியெடுத்துத் திரையிலே கட்டம் போட்டுக் காட்டுகின்றது. ஆகவே 'கைட்' பொத்தான் எதையும் தானாக அறிந்துகொள்வதில்லை. ஒலிபரப்பாளர் வண்டியில் ஏற்றினால் உண்டு, ஏற்றாவிட்டால் இல்லை.

டிஜிட்டல் வந்துவிட்ட நாடுகளிலும் இந்தக் குறை முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. ரொறன்ரோவில் வசிக்கும் என் தங்கை, சன்னலோரத்தில் ஒரு சிறிய அன்ரெனாவை வைத்துக்கொண்டு காசில்லாமல் பல சனல்களைப் பார்க்கின்றாள். கனடாவின் பெருநகரங்கள் 2011 ஓகஸ்ட் 31ஆம் திகதி டிஜிட்டலுக்கு மாறின. "அண்ணா, பட்டியல் அரை நாளுக்குத்தான் வருகுது, சில சனலுக்கு ஒன்றுமே இல்லை" என்பது அவளுடைய முறைப்பாடு. அங்கு வழங்கும் முறையில் பட்டியலை மும்மூன்று மணி நேரத் துண்டுகளாக அனுப்புவர். குறைந்தது 12 மணி நேரத்துக்கு அனுப்ப வேண்டும், விரும்பினால் 16 நாள் வரைக்கும் அனுப்பலாம். குறைந்தபட்சத்தோடு நின்றுவிடும் நிலையங்கள் இருப்பது வியப்பன்று. மாணவர்களிடத்தும் நான் இதைக் காண்கின்றேன். மேலும், பெரும்பாலான பெட்டிகள் ஒரு வேளையில் ஓர் அலையை மாத்திரமே செவிமடுக்க வல்லவை. திருப்பிப் பார்க்காத சனலின் பட்டியல் பெட்டிக்குத் தெரியாது. ஒவ்வொரு சனலிலும் சில நிமிடம் தங்கிப் பிறகு பொத்தானை அழுத்தும்படி தங்கைக்கு எழுதினேன். பாதிக் கட்டங்கள் நிரம்பின என்று பதில் வந்தது.

நிற்க. நிகழ்ச்சிப் பட்டியல் யாருடைய சொத்து என்று ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கின்றது. 1923ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வானொலி நிகழ்ச்சிகளை இலவசமாக அச்சிட மாட்டோம், விளம்பரத்துக்குரிய கட்டணம் தரவேண்டும் என்று பிரித்தானியப் பத்திரிகை அதிபர்கள் பி.பி.சி.யிடம் கூறினர். வானொலி வளர்ந்தால் பத்திரிகை தேயும் என்ற அச்சம். அவர்கள் விரைவிலே இறங்கிவந்தார்கள் என்றாலும், பி.பி.சி.யின் தலைவராயிருந்த ஜோன் ரீத் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் திகதி, இரண்டு பென்ஸ் விலையில் 'ரேடியோ டைம்ஸ்' வெளிவந்தது. ஒருகாலத்தில் கொடுக்க ஆளில்லாத பட்டியல், பிற்காலத்தில் பிறருக்குக் கொடுக்க மனமில்லாத செல்வமாயிற்று! எல்லா நிலையங்களின் ஒரு வார நிகழ்ச்சிகளையும் ஒரே இதழில் அச்சிட முயன்ற அயர்லாந்துப் பதிப்பாளர் ஒருவரை 1986இல் நிலையங்கள் நீதிமன்றத்தின் மூலம் தடுத்தன. பிரித்தானியாவில் 1991 மார்ச்சிலே அந்தக் கட்டு நீங்கியது. ஐரோப்பிய நீதிமன்றம் 1995 ஏப்ரல் 6ஆம் திகதி பதிப்பாளர் பக்கமே தீர்ப்புக் கூறியது. தமிழ் வானொலி நேயர்களுக்கும் அக்காலத்தில் ஒரு பட்டியல் இதழ் இருந்தது. அகில இந்திய வானொலி வெளியிட்ட 'வானொலி' என்னும் சஞ்சிகையே அது.

எங்கள் வீட்டுப் பட்டியல் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் இருந்தது. என் தந்தையார் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும் நிகழ்ச்சி நிரலைக் கத்தரித்து, கோதுமைமாப் பசை தடவி அங்கே ஒட்டுவார். தமிழ் நிகழ்ச்சி இருக்கும் நேரங்களுக்கு மட்டும் சிவப்புப் பேனாவால் கோடு. வாரம் முழுவதுக்கும் எண்ணிப் பார்த்தாலும் சிவப்புக் கோடுகள் அதிகமிரா. ஆனபடியாலேதான் அந்தக் கடதாசித் துண்டுக்கு அவ்வளவு மதிப்பு. நாள் முழுதும் தன் மொழியிலே நிகழ்ச்சி உள்ளவனுக்குப் பட்டியல் ஒரு வசதி. எப்போதாவது அரை மணி நேரம் கிடைப்பவனுக்கு அது இல்லாவிட்டால் நிகழ்ச்சியே இல்லை.

இதை நான் நன்றாக உணர்ந்தது 2020ஆம் ஆண்டிலே. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னர் தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் தொடங்கின. 'குரு கெதர' என்ற பெயரில் சிங்கள மொழிப் பாடங்கள் சனல் ஐயிலும், தமிழ் மொழிப் பாடங்கள் நேத்ராவிலும் வந்தன. நல்ல முயற்சி, நல்ல ஆசிரியர்கள். எந்த நாளில் எந்த நேரத்தில் எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் என்பது கைத்தொலைபேசிக்குப் படமாக வரும். ஆனால் லயத்து வீடுகள் பலவற்றில் ஒரே ஒரு கைத்தொலைபேசி. அதுவும் தந்தையின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும். வீட்டிலே பெட்டி இருந்தது. பாடமும் அலையிலே வந்துகொண்டிருந்தது. நேரம் மட்டும் வேறொரு பாதையில் வந்து, வழியிலே நின்றுவிட்டது.

ஊரடங்கு தளர்ந்த நாட்களில், தோட்டத்துச் சந்தியிலுள்ள கடையில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டு வாரத்துப் பாட நேரங்களை எழுதிவைக்கலானேன். ஒரு வாரம் புதன்கிழமைக் கணித பாடத்தை வியாழனுக்கு நேரே எழுதிவிட்டேன். தவறு முற்றிலும் என்னுடையது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு மாணவி, தம்பியைக் கார்ட்டூன் பார்க்கவும் விடாமல், வியாழன் காலை முதல் கொப்பியும் பேனாவுமாகத் திரைக்கு முன்னால் காத்திருந்தாளாம். அவள் காத்திருந்த பாடம் முதல் நாளே முடிந்துவிட்டது. பின்பு என்னைக் கண்டபோது, "பரவாயில்லை சேர், வேற பாடம் ரெண்டு பார்த்தேன்" என்றாள். அந்தப் பெருந்தன்மை என்னை இன்னும் உறுத்துகின்றது. படம் வரும் அலையிலேயே நேரமும் வந்திருந்தால், மட்டையும் வேண்டியதில்லை. என் கைப்பிழைக்கும் இடமிருந்திராது.

நம் நாட்டுக்கு டிஜிட்டல் எப்போது என்று கேட்கலாம். 2014ஆம் ஆண்டில் இலங்கை ஜப்பானிய முறையைத் தேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அதற்காக ஏறக்குறைய 1,370 கோடி யென் கடனுக்கும் ஜப்பானுடன் உடன்பாடு ஏற்பட்டது. பிறகு ஆண்டுகள் பல கடந்துவிட்டன. மாற்றம் இன்னும் நிறைவேறவில்லை. ஆதலால் இப்போது பெட்டி வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் நலம். பெட்டியில் 'டிஜிட்டல்' என்று எழுதியிருப்பது மாத்திரம் போதாது. ஐரோப்பிய முறைக்கென்று செய்த பெட்டி, ஜப்பானிய முறை அலையை நேரே வாங்காது. இடையிலே வேறொரு சிறு பெட்டி வேண்டியிருக்கும். எந்த முறைக்கு உரியது என்று கடையிலேயே கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

மாற்றம் வரும் நாளில் கேட்கவேண்டியது வேறொன்றும் உண்டு. எழுத்துப் பெட்டிகளில் வரும் ஒவ்வொரு நிகழ்ச்சிப் பெயருடனும் அது எந்த மொழியில் உள்ளது என்று மூன்றெழுத்துக் குறியொன்று செல்லும். உலக நியமத்தில் தமிழுக்கு 'டி, ஏ, எம்' என்ற குறி ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கின்றது. ஒரே நிகழ்ச்சியின் பெயரைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே அனுப்ப இடமுண்டு; பார்ப்பவர் தாம் தெரிந்தெடுத்த மொழியிலே காண்பார். ஆயினும் இடம் இருப்பதனால் மட்டும் எழுத்து வந்துவிடாது. தமிழ் எழுத்தைக் காட்டும்படி பெட்டிகள் அமையவேண்டும். நிலையத்திலே ஒருவர் நாள்தோறும் உட்கார்ந்து தமிழிலே தட்டச்சுச் செய்யவும் வேண்டும். இது தொடக்கத்திலேயே விதியாக எழுதப்படாவிட்டால், பிற்பாடு சேர்ப்பது எளிதன்று என்பது என் கருத்து. பெயர்ப்பலகைகளிலே நாம் கண்ட அனுபவம் போதாதா?

அதுவரைக்கும் வழி என்ன? டயலொக், பியோ போன்ற கட்டணச் சேவைகளில் பட்டியல் சேவையுடனேயே வருகின்றது. மாதக் கட்டணம் செலுத்த இயன்றவர்களுக்கு அது போதும். இணைய வசதியுள்ளவர்கள் அந்தந்த நிலையத்தின் தளத்திலே பார்க்கலாம். பெட்டியின் சனல் வரிசையில் பெயருக்கு அருகே 'ஏ.ரி.வி.' என்றிருந்தால் அது அனலொக். அங்கே 'கைட்' பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. 'டி.ரி.வி.' என்றிருந்தால் சனலைச் சற்று நேரம் ஓடவிட்டு அழுத்திப் பார்க்கலாம்.

இவ்வளவையும் அன்று அந்த அன்பருக்கு நான் சொல்லவில்லை. தேநீர் அருந்தும் வரையில் சரக்கு வண்டிக் கதையை மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்படின்னா பொத்தான் இருக்கு, வண்டிதான் வரலைங்கிறீங்க" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "மகளுக்காகத்தான் சேர். தமிழ்ப் பாடம் எப்ப வருதுன்னு தெரிஞ்சா, அந்த நேரம் நாங்க படம் பார்க்காம விட்டுக் கொடுத்திடுவோம்" என்றார்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்த வாரத்துத் தமிழ் நிகழ்ச்சி நேரங்களை எழுதிக் கொடுத்தேன். இம்முறை கிழமைகளை இரண்டு தரம் சரிபார்த்தேன். தாளை நான்காக மடித்து, ரிமோட் இருந்த பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார். அடுத்த திங்களன்று மகள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா இந்த வாரத்துத் தாளை வாங்கிட்டு வரச் சொன்னாங்க, சேர்."