ஊரும் பட்டணமும்

'கெட்டும் பட்டணம் சேர்' என்பது நம் நாட்டுப் பழமொழி. கைப்பொருளை இழந்தவனும் பட்டணம் போய்ச் சேர்ந்தால் ஒருவாறு பிழைத்துக்கொள்வான் என்பது அதன் கருத்து. இப்பழமொழியைச் செட்டிநாட்டு மக்களைப்போல வாழ்ந்து காட்டியவர் சிலரே. காரைக்குடியைச் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமி. இங்கே வற்றாத ஆறு இல்லை. கண்மாயும் ஊருணியும் நிறைந்தால் அந்த ஆண்டு வாழ்வு, இல்லையேல் தாழ்வு. ஆகையால் பொருள் தேடி ஊரை விட்டுப் புறப்படுவது எங்களுக்குப் புதிய செய்தி அன்று. பாட்டன் காலத்து வழக்கம்.

மாணவ நண்பர்களே! உங்களில் பலர் படிப்பு முடியும் தறுவாயில், "ஊரிலேயே இருக்கலாமா, பட்டணம் போகலாமா?" என்று எண்ணிப் பார்ப்பீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்த எனக்கு இக்கேள்வி மிகவும் பழக்கமானது. கேட்டவர்க்கெல்லாம் "போய் வா" என்று தயங்காமல் விடை சொன்னேன். ஊரை விட்டுப் போனவர் தொகையையே என் பள்ளியின் வெற்றிக்கு அளவுகோலாகக் கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஓய்வு பெற்றபின் சென்னையில் பணி புரியும் என் மகன், "அப்பா, இங்கே வந்து எங்களோடு இருங்கள்" என்று அழைத்தபோது அதே கேள்வி என் பக்கம் திரும்பியது. பிறர்க்கு எளிதாகச் சொன்ன விடை எனக்கு எளிதாக வரவில்லை. ஆகவே, போனவர், வந்தவர், இருப்பவர் என மூவகையாரையும் கண்டு கேட்டறிந்தேன். கேட்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பட்டணம் ஏன் மக்களை இழுக்கிறது என்பதைப் பார்ப்போம். ஒரு சிற்றூரில் பலசரக்குக் கடை ஒன்று நடக்கலாம். தச்சர் ஒருவர் பிழைக்கலாம். ஆனால் இதய நோய்க்கு மட்டும் மருத்துவம் செய்பவர் ஒருவர் அங்கே பிழைக்க இயலுமா? அவருடைய திறமை பயன்பட வேண்டுமாயின் பல இலட்சம் மக்கள் அவரை எட்டும் தொலைவில் வாழ வேண்டும். தொழில் நுண்ணியதாக ஆக ஆக, அதற்கு வேண்டிய மக்கள் திரளும் பெரிதாகிறது. திறமையுடையோர் ஓரிடத்தில் கூடியதும், அத்திறமையை நாடும் ஆலைகளும் அலுவலகங்களும் அங்கேயே வந்து சேர்கின்றன. அவற்றை நாடி மேலும் மக்கள் வருகின்றனர். இவ்வாறு ஒன்றையொன்று வளர்ப்பதே நகரத்தின் இயல்பு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேருக்கு மேல் நகரங்களில் வாழ்ந்தனர். இந்தியா முழுமைக்கும் எடுத்துக்கொண்டால் அத்தொகை ஏறத்தாழ 31 ஆகும். பட்டணம் போவது சிலருடைய ஆசை மட்டும் அன்று, காலத்தின் போக்கு என்பது இதனால் விளங்கும்.

இனி, நான் கேட்டறிந்தவற்றுக்கு வருவோம். எங்கள் தெருவில் எண்பதைக் கடந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். மகன் வீட்டில் தங்கச் சென்னைக்குச் சென்றவர், ஆறு திங்களில் திரும்பிவிட்டார். "அங்கே என்ன குறை, ஆச்சி?" என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்லை, தம்பி. மருமகள் தங்கம். வேளைக்குச் சோறு, வேளைக்கு மருந்து. ஆனால் ஒரு நாள் நான் கோயிலுக்குப் போகாவிட்டால், 'நேற்று எங்கே போயிருந்தீர்கள், காணோமே' என்று கேட்க அங்கே ஆள் இல்லை" என்றார்.

இதே கேள்வியைப் பற்றி வேறொருவர் சொன்னதையும் கேளுங்கள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் பணியாற்றுகிறாள். விடுமுறையில் வந்தவளிடம், "ஊர்ப்பக்கம் வேலை கிடைத்தால் வந்துவிடுவாயா, அம்மா?" என்று கேட்டேன்.

"வரமாட்டேன், ஐயா. இங்கே நான் தெருமுனை தாண்டினால் நான்கு பேர் 'எங்கே போகிறாய்?' என்கிறார்கள். திரும்பி வந்தால் 'நேற்று எங்கே போயிருந்தாய்?' என்கிறார்கள். அங்கே யாரும் கேட்பதில்லை. அதுதான் எனக்கு நிம்மதி" என்றாள்.

கேள்வி ஒன்றுதான். ஆச்சிக்கு அது அன்பு. இப்பெண்ணுக்கு அது விலங்கு. இருவர் சொல்வதும் உண்மையே. ஊர் தரும் நன்மையும் ஊர் தரும் துன்பமும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. நம்மை எல்லாரும் அறிந்திருப்பதால் ஊர் நம்மைத் தாங்குகிறது. எல்லாரும் அறிந்திருப்பதாலேயே ஊர் நம்மைக் கட்டியும் போடுகிறது. பட்டணம் கட்டையும் அவிழ்க்கிறது. தாங்கிய கையையும் எடுத்துவிடுகிறது.

மூன்றாமவர் பக்கத்துச் சிற்றூரில் நிலமில்லாத குடும்பத்தில் பிறந்தவர். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறார். அவர் சொன்னார்: "ஐயா, ஊரில் என்னைக் கண்டதும் 'நீ எந்தத் தெரு?' என்பார்கள். திருப்பூரில் 'ஓவர்லாக் ஓட்டத் தெரியுமா?' என்று கேட்டார்கள். தெரியும் என்றேன், மறுநாளே வேலை கிடைத்தது." 'எந்தத் தெரு' என்ற கேள்வியின் உட்பொருளை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் மற்றொன்றும் சொன்னார்: "வேலைக்குத்தான் அந்தக் கேள்வி இல்லை, ஐயா. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் அங்கும் அதே கேள்விதான்."

காந்தியடிகள் சிற்றூரே இந்தியாவின் உயிர் என்று கருதினார். அண்ணல் அம்பேத்கர், அரசியல் நிருணய சபையில் 1948ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஆற்றிய உரையில், சிற்றூரைப் போற்றுவோரைக் கடுமையாக மறுத்தார். குறுகிய மனப்பான்மையும் சாதியும் அங்கே குடிகொண்டுள்ளன என்பது அவர் கண்ட உண்மை. திருப்பூர் நண்பரின் சொல்லைக் கேட்டபின், ஊரின் பெருமையை மட்டும் பேசும் உரிமை எனக்கு இல்லை என்று உணர்ந்தேன்.

அப்படியானால், வெளியூர் சென்று வாழ்வதில் தேர்ந்த எங்கள் பகுதி மக்கள் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தனர்? நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்தினர். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவிலே 'கிட்டங்கி' என்னும் நீண்ட கூடங்கள் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைக்காரர்கள் வரிசையாகப் பெட்டியும் கணக்கு மேசையும் வைத்துத் தொழில் செய்வர். இரவில் அங்கேயே படுத்துக்கொள்வர். ஒன்றாகச் சமைத்து உண்பர். தொழில் பழகும் 'பெட்டியடிப் பையன்' நோயுற்றால் மறுநாட் காலையிலேயே கூடம் முழுவதும் தெரிந்துவிடும். 1859ஆம் ஆண்டில் அந்நகரின் டேங்க் சாலையில் தண்டாயுதபாணி கோயிலையும் கட்டினர். ஆச்சி சொன்ன கேள்வியைக் கேட்பதற்குரிய ஆட்களை அவர்கள் கடல் கடந்தும் உண்டாக்கிக்கொண்டனர்.

ஊரோடு இருந்த தொடர்பையும் அறுக்கவில்லை. மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் முகவர் ஊர் திரும்புவர். மணமான ஒவ்வோர் இணையரும் ஒரு 'புள்ளி'. கோயிலுக்குரிய வரி புள்ளிக் கணக்கில் விதிக்கப்படும். இரங்கூனில் இருந்தாலும் பினாங்கில் இருந்தாலும் அவர் புள்ளி ஊரிலேதான். உடல் எங்கே உறங்குகிறது என்பது வேறு. நம்மை எங்கே எண்ணுகிறார்கள் என்பது வேறு. இவ்வேறுபாட்டை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

எனினும் இம்முறையில் குறை இல்லாமல் இல்லை. மூன்றாண்டுகள் கணவனைக் காணாமல் வளவு வீட்டில் காத்திருந்த பெண்களின் துயரம் எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை. பர்மாவில் 1930ஆம் ஆண்டை ஒட்டி நெல் விலை வீழ்ந்தது; கடன்பட்ட உழவர்கள் கட்ட இயலாமற்போகவே, கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் சில ஆண்டுகளில் செட்டியார்கள் கைக்கு வந்தது. அந்நாட்டு மக்களின் மனம் கசந்தது. 1942இல் சப்பானியர் இரங்கூனைப் பிடித்தபோது, பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து கால்நடையாக இந்தியாவுக்கு வந்தனர். வழியில் மாண்டோர் பலர். பிழைக்கப் போன இடத்தை வருமானத்துக்குரிய இடமாக மட்டும் கருதினால், அவ்விடமும் நம்மைத் தன்னவராகக் கருதாது. இதுவும் நாம் மறக்கலாகாத பாடம்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் முதலிய ஊர்களில் பூட்டிக் கிடக்கும் மாளிகைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாகத் தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள் அவை; தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. ஒரு வீட்டுக்குத் தலைமுறை தோறும் பங்காளிகள் பெருகுகின்றனர். ஓடு மாற்ற வேண்டுமானாலும் பல ஊர்களில் இருக்கும் பலர் இசைய வேண்டும். இசைவு வருவதற்குள் மழை வந்துவிடுகிறது. சில வீடுகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. மனிதர் வராத ஊரை வெறும் மாளிகை காக்காது.

நாம் பட்டணம் போவது ஒரு வழி. பட்டணத்தின் நன்மையை ஊருக்குக் கொண்டுவருவது மற்றொரு வழி. அதைக் காட்டியவர் வள்ளல் அழகப்பச் செட்டியார் (1909–1957). 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் விஞ்ஞானிகள் இந்தச் செம்மண் பூமிக்குக் குடிவந்தனர். பெண்ணை வெளியூருக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோரும் வீட்டிலிருந்தே மகளைக் கல்லூரிக்கு அனுப்ப முடிந்தது. பழைய புள்ளிக் கணக்கு ஒரு குலத்தாரின் கணக்கு. கல்லூரியின் வருகைப் பதிவேட்டிலோ எந்தத் தெருப் பிள்ளைக்கும் இடம் உண்டு. 1928இல் நகராட்சியான காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே குடியேறுவோர்க்குக் காரைக்குடியே பட்டணம்.

இப்பொழுது என் குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் சென்னையில் வேலை கிடைத்துப் போனான். ஓர் அறையில் தனியே தங்கியிருந்தவன் காய்ச்சலில் ஐந்து நாள் கிடந்திருக்கிறான். கதவைத் தட்டியவர் ஒருவரும் இல்லை. பிழைத்து ஊருக்கு வந்தவன், "யாரும் கேட்கவில்லை, ஐயா" என்றான். "போய் வா" என்று சொன்ன நான், போன இடத்தில் எப்படி வாழ வேண்டும் என்று அவனுக்குச் சொல்லவில்லை. போனபின் "எப்படி இருக்கிறாய்?" என்று ஓர் அஞ்சலட்டை எழுதியதும் இல்லை.

அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். போக வேண்டியவர்கள் அச்சமின்றிப் போங்கள். ஆனால் கையில் ஒரு தொழிலோடு போங்கள். பட்டணம் 'உனக்கு என்ன தெரியும்?' என்றுதான் முதலில் கேட்கும். போய்ச் சேர்ந்த முதற்கிழமையிலேயே, உங்களைக் காணாவிட்டால் தேடக்கூடிய இருவரையேனும் உண்டாக்கிக்கொள்ளுங்கள். நீங்களும் இருவரைத் தேடுங்கள். அண்டை வீட்டார் பெயரை அறிந்துகொள்ளுங்கள். ஊரில் உங்கள் புள்ளியை அழித்துவிடாதீர்கள். ஊர்ப் பள்ளிக்கு ஒரு புத்தகம் அனுப்பினாலும் அது புள்ளிதான். ஊரில் தங்குவோர்க்கும் ஒரு சொல்: பிறரை அன்போடு விசாரியுங்கள், வேவு பார்க்காதீர்கள். 'எந்தத் தெரு?' என்ற கேள்வியை உங்கள் தலைமுறையோடு நிறுத்துங்கள். அது நின்றால், மனம் நொந்து ஊரை விட்டுப் போவோர் குறைவர்.

நம் சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டியே சங்ககாலப் பூங்குன்றம் என்று அறிஞர் கருதுவர். எல்லா ஊரையும் தம் ஊராகவும் எல்லா மக்களையும் தம் உறவாகவும் கொண்ட கணியன் பூங்குன்றனார் அவ்வூரினர். உலகையே ஊராகக் கண்ட அப்புலவரை இன்றளவும் நாம் அவர் ஊரின் பெயராலேயே அழைக்கிறோம்! ஊரை மறவாதவர்க்கே எல்லா ஊரும் ஊராகும் போலும்.

என் மகனுக்கு விடை எழுதிவிட்டேன். ஆண்டில் சில திங்கள் சென்னையில், எஞ்சியவை ஊரில் என்று முடிவு. அத்துடன், அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மாலை வேளையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் கேட்டு வைக்குமாறும் எழுதியிருக்கிறேன். நான் ஒரு நாள் இறங்கி வராவிட்டால், "தாத்தா, நேற்று எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்க அங்கே இரண்டு குழந்தைகள் கிடைத்தால் போதும். அதுவும் எனக்கு ஊர்தான்.